முந்தும் கை

எல்லாப் பழியும் கடைசியில் நெட்வொர்க் தலையில்தான் வந்து விழும். படம் நின்றால் நெட்வொர்க், சம்பளம் ஏறாவிட்டால் நெட்வொர்க், மேலதிகாரி கூட்டத்தில் தூங்கிப்போனால்கூட நெட்வொர்க். நெட்வொர்க் கோளாறு பார்க்கும் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து காது புளிக்க நான் கேட்டது அதைத்தான். அதனால் ஒருவர் போன் செய்து, "நெட்வொர்க்ல ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாப் போதுமுங்க மேடம்" என்று கேட்டபோது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனசு குளிர்ந்துபோய்க் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குக் கிளம்பிவிட்டேன்.

கேட்டவர் தண்டபாணி. நீலச்சிகரம் போக்குவரத்து நிறுவனத்தின் பொள்ளாச்சி ஓட்டுக்கூடத்துக்கு மேலாளர். வால்பாறை மலைப்பாதையில் ஓடும் அவர்களுடைய பஸ்களில் ஓட்டுநர் இருக்கையே கிடையாது. ஓட்டுநர்கள் பொள்ளாச்சியில், ஏசி போட்ட கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் வளைந்த திரை, அதில் மலைப்பாதை. மணிக்கட்டில் ஒரு பட்டை. கை அசையக் கிளம்பும்போதே நரம்பில் ஓடும் சமிக்ஞையை அந்தப் பட்டை பிடித்து, ரவுட்டர் வழியாக மலைக்கு அனுப்பும். அங்கே பஸ் திரும்பும், நிற்கும்.

போன வாரம் ஒரு பஸ் சரியாக நிற்கவில்லை. ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் ஒரு வரையாடு குறுக்கே இறங்கியிருக்கிறது. பஸ் தாமதமாக நின்று, தடுப்புச் சுவரில் உரசி, ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டது. ஓட்டியவர் பவுலின் மேரி. கை வேகம் போதவில்லை, மந்தக்கை என்று விசாரணையில் முடிவெடுத்திருந்தார்கள். நெட்வொர்க் சுத்தம் என்று நான் கையெழுத்துப் போட்டதும் அது ஓட்டுநர்களின் கைப்பதிவில் ஏறிவிடும். அந்தப் பதிவு எல்லா நிறுவனத்துக்கும் பொது. ஒருமுறை சிவப்பு விழுந்தால் பஸ், லாரி, கிரேன் எதற்கும் நாற்காலி கிடைக்காது. ஆயுசுக்கும்.

ரவுட்டர் இருந்தது துடைப்பமும் பினாயில் கேனும் வைக்கிற அறையில். இவர்கள் எல்லா இடத்திலும் அங்கேதான் வைப்பார்கள். நாற்பது உயிரை மலையேற்றும் பெட்டியின் மேல் ஈரமாப்பு உலர்ந்துகொண்டிருந்தது. அதை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு, லேப்டாப்பை மாட்டி ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தேன். எல்லாப் பஸ்ஸுக்கும் வழி தரைக்கேபிள் என்றுதான் பட்டியலில் இருந்தது. ரவுட்டரிலிருந்தே பஸ்ஸுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். கண்ணிமைப்பதற்குள் பதில் வந்தது.

"நாஞ்சொன்னனுங்களே மேடம், சுத்தமுன்னு" என்றார் தண்டபாணி. "கையெழுத்தப் போட்டுட்டீங்கன்னா சாப்பாட்ட முடிச்சுட்டுக் கெளம்பிரலாமுங்க."

"அந்தம்மாவ ஒருதடவ பாக்கணும்."

"பாத்து என்னங்க ஆகப்போகுது?"

ஒன்றும் ஆகாதுதான். ஆனால் ஒருத்தியின் பிழைப்பை முடிக்கிற கையெழுத்தை அவள் முகம் பார்க்காமல் போட எனக்கு மனம் வரவில்லை.

பவுலின் கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், நாற்பதை நெருங்கும் வயசு. ஓட்டுநர் நாற்காலிக்கு வந்து ஒரு வருஷம். தண்டபாணி அவளுக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டினார். அதாவது, நீட்டத் தொடங்கினார். அதற்குள் அவள் கை எழுந்து அவர் விரலில் மோதி, டீ முழுக்க என் லேப்டாப் பையில் கொட்டியது.

"சாரி மேடம், சாரி."

பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் துடைத்தேன். "பரவால்ல. ஆட்டப் பாத்ததும் நீங்க பிரே..."

"போட்டேன் மேடம்."

"எவ்ளோ நேர..."

"உடனே மேடம். பாத்த அந்த நிமிஷமே."

"என்னைய முழுசாப் பேச விடறீங்களா?" என்று கத்திவிட்டேன். மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிக்கிறாள் என்று எரிச்சல். சரியான அவசரக்குடுக்கை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணும்னு பண்ணல மேடம். கொஞ்ச நாளா இப்படித்தான் வருது. வீட்லயும் திட்டு. அவரு தும்முறதுக்கு முன்னாடியே நான் துண்ட நீட்டுறேனாம். சிரிக்கிற எடத்துக்கு முன்னாடியே சிரிச்சுடுறேன்னு என் மக பக்கத்துலயே உக்கார மாட்டேங்குறா."

பையைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை நின்றது. இவளையா மந்தம் என்கிறார்கள்? வராத டம்ளரைப் பிடிக்கப் போகிறவளையா?

"இவங்க நாற்காலி எங்க இருக்கு?" என்றேன். தண்டபாணி கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பெரிய கூடத்தை ஒட்டி மேற்கே ஒரு சிறிய கூடம். அங்கே ஐந்து நாற்காலிகள். நாலில் ஆட்கள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பவுலினுடையது காலி. அதன் வயரைச் சுவரிலிருந்து உருவி, அதே துளையில் என் லேப்டாப்பைச் செருகி, அதே பஸ்ஸுக்கு அதே சோதனைச் செய்தியை அனுப்பினேன். பதில் வர அரை நொடிக்கு மேல் ஆனது. நம்பாமல் திரும்ப அனுப்பினேன். அதே அரை நொடி. பெரிய கூடத்துக்குப் போய் அங்கே ஒரு துளையில் செருகிப் பார்த்தேன். கண்ணிமைப்பதற்குள் வந்தது.

ஈரமாப்பு அறைக்கு ஓடினேன். இந்த முறை வழிப்பட்டியலை நம்பவில்லை, பாலிசியைத் தோண்டினேன். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் அது கிடந்தது. ஓய்வறை டிவி என்று பெயர். மேற்குக் கூடத்துச் சுவரிலிருந்து எது வந்தாலும் சேட்டிலைட் வழியே அனுப்பு.

"அது என்னங்க பாலிசி?" என்றார் பின்னாலேயே வந்த தண்டபாணி.

"சாதாரணமா ரவுட்டர், செய்தி எங்க போகணும்னு பாத்து வழி விடும். பாலிசி போட்டுட்டா யார்கிட்டருந்து வருதுன்னு பாக்கும். உங்க பழநியில சாமி ஒண்ணுதான? ஆனா கையில இருக்கற சீட்டப் பாத்துதான எந்த வரிசைன்னு விடறாங்க? அதான்."

"சரிங்க. நீங்க மொதல்ல பாத்தப்ப சுத்தமா இருந்துச்சுங்களே?"

"நான் ரவுட்டருக்குள்ள இருந்து அனுப்புனேன். வெளிய இருந்து உள்ள வர்றதுக்கு மட்டுந்தான் இந்தப் பாலிசி. தானே அனுப்பறதுக்குக் கெடையாது. கருவறைல நிக்கற குருக்கள்கிட்டப் போயி கூட்டம் எப்படிங்க சாமின்னு கேட்டா என்ன சொல்வாரு? அவரு எந்த வரிசைல நின்னாரு?"

தண்டபாணி மெதுவாகத் தலையாட்டினார். "மேற்குக் கூடம் மின்ன ட்ரைவர்க படுக்கற ஓய்வறைங்க. ஒரு டிவி இருந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு மின்ன, நாற்காலி பத்தலைன்னு கட்டலையெல்லாம் எடுத்துட்டு அஞ்சு நாற்காலி போட்டமுங்க. செவுத்துல பழைய பிளக்கு சும்மாத்தான கெடந்துச்சு, அதுலயே சொருகிட்டமுங்க."

டிவிக்கு எந்த வழி போனால் என்ன என்று யாரோ ஒருவர் மலிவான வழியை எழுதிவைத்திருக்கிறார். அந்த வழியில், சீரியல் வந்துகொண்டிருந்த வழியில், இரண்டு வருஷமாக ஆட்களை ஏற்றிய பஸ்ஸை ஓட்டியிருக்கிறார்கள். திரையில் பாதை உடனுக்குடன் தெரிகிறது, கை மட்டும் வானத்துக்குப் போய்விட்டு மலைக்கு இறங்குகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஒரு வரியை அழித்தேன். மேற்குக் கூடத்திலிருந்து சோதித்தேன். அரை நொடி ஒழிந்தது.

"பவுலினக் கூப்புடுங்க. இப்பவே ஒரு ஒத்திகைக் கைச்சோதனை வெக்கலாம், பதிவுக்குப் போகாது. மந்தக்கையா இல்லையான்னு நீங்களே பாருங்க."

என் குரலில் பெருமை இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன், ஒரு அப்பாவியைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை.

கைச்சோதனை உண்மையான பஸ்ஸில் அல்ல, திரையில் ஓடும் பொம்மைப் பாதையில். அந்தப் பாதை இருப்பது தலைமை அலுவலகத்துக் கணினியில், கையின் சமிக்ஞை இதே ரவுட்டர் வழியாகத்தான் அங்கே போகும். பவுலின் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டாள். முதல் வளைவு வருவதற்குள்ளேயே வண்டி மலைப்பக்கம் திரும்பி மண்ணில் முட்டியது. அடுத்ததிலும் அதேதான். திரையில் சிவப்பு விழுந்தது. முந்தும் கை.

"ஏனுங்க, மந்தமுன்னாங்க. இப்ப முந்துதுங்களே" என்றார் தண்டபாணி.

பவுலின் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம் மேடம். கொஞ்சம் முன்னாடியே திருப்புனாத்தான் வண்டி ஒழுங்காத் திரும்பும். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்கன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக அவளுடைய கை அந்த அரை நொடியைக் கற்றுக்கொண்டிருக்கிறது. வளைவை முந்திவிட்டது. வரையாட்டை மட்டும் முந்த முடியவில்லை, ஆடு வருவது யாருக்குத் தெரியும்? கற்றுக்கொண்டது அவள் கை மட்டுமா? இதே சுவரில் இன்னும் நாலு நாற்காலி.

பக்கத்து நாற்காலிக்காரர் "ஐயய்யோ, வண்டி என்னமோ இழுக்குது" என்றார். அவருடைய திரையில் பஸ்ஸின் மூக்கு புல்சரிவை உரசிக்கொண்டு போனது. அது பொம்மைப் பாதை இல்லை. உள்ளே ஆட்கள் அலறுவது கேட்டது.

"எல்லாரும் நிறுத்துங்க" என்று கத்தினேன். "அப்படியே ஓரங்கட்டி நிறுத்துங்க. யாரும் கைய அசைக்காதீங்க."

நாலு பஸ்ஸும் நின்றன. ஓடிப்போய், அழித்த வரியை எழுத்து மாறாமல் திரும்ப எழுதினேன். இத்தனை வருஷ வேலையில் ஒரு தப்பை அவ்வளவு கவனமாக எழுதியது அன்றுதான். நாலு பேரும் நத்தை வேகத்தில் வால்பாறை போய்ச் சேரும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் சண்டை. தண்டபாணியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"எல்லாத்தையும் எழுதப் போறேன்" என்றேன்.

"எழுதுங்க. என்ற தலை உருளும், உருளட்டும். ஆனா நாளைக்கே அஞ்சு பேர்த்தையும் கைச்சோதனைக்குக் கூப்புடுவாங்க. என்னாகுமுன்னு இப்பப் பாத்தீங்கல்ல? முந்துனாலும் செவப்புத்தானுங்க, மந்தமுன்னாலும் செவப்புத்தானுங்க."

"கெடுத்தது நிறுவனம்தான?"

"யாரு கெடுத்தாங்கன்னு எழுத அந்தப் பதிவுல எடமில்லீங்க. கை சரியா, இல்லையா. அவ்ளோதான்."

உண்மையைச் சொன்னாலும் அவள் பிழைப்பு போகிறது, சொல்லாவிட்டாலும் போகிறது. மேசையை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. இப்படி ஒரு பதிவை எவன் உட்கார்ந்து யோசித்தான்?

பவுலின் மூலையில் நின்றிருந்தாள். "எழுதுங்க மேடம். ஆனா இப்ப எழுதாதீங்க."

"என்ன?"

"எங்க கை பழைய மாதிரி ஆகட்டும். அப்புறம் எழுதுங்க. எழுதாமயும் விட்டுடாதீங்க. சின்னராஜ் அண்ணன் இருக்காரு."

சின்னராஜ் அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் இருந்தவர். மந்தக்கை என்று சிவப்பு விழுந்து வெளியே போனவர். இப்போது ஒரு பேக்கரியில் வேலை. அடுப்பிலிருந்து தட்டு வருவதற்குள் கையை மூடிவிடுகிறாராம், தட்டு கீழே விழுகிறதாம். அங்கேயும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ என்றாள்.

அவளைப் பற்றி நான் நினைத்த அவசரக்குடுக்கையை மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

என் ஆபீஸில் ஒரு சிறிய பெட்டி உண்டு. தன் வழியே போகும் செய்தியைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்து அனுப்பும். எவ்வளவு நேரம் என்பதை நாம் திருகி வைக்கலாம். அதைக் கொண்டுவந்து ரவுட்டரில் மாட்டினேன். மேற்குக் கூடத்திலிருந்து வருவதெல்லாம் இந்தப் பெட்டி வழியே போகட்டும் என்று ஒரு பாலிசி எழுதினேன். பாலிசியால் வந்த வினையைப் பாலிசியாலேயே தீர்க்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அரை நொடி. கை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது மாதிரி.

"ஆனா ஒண்ணு" என்றேன். "இது முடியறவரைக்கும் இந்த அஞ்சு பேரும் பொம்மைப் பாதைலதான் ஓட்டணும். ஆளேத்தற பஸ் ஒண்ணுகூடக் கூடாது."

"ட்ரிப்பெல்லாம் யாருங்க ஓட்டறது?" என்று தலையில் கைவைத்தார் தண்டபாணி. பிறகு முணுமுணுத்துக்கொண்டே, பெரிய கூடத்து ஆட்களுக்குள் ட்ரிப்புகளைப் பிரிக்க உட்கார்ந்தார்.

தலைமை அலுவலகத்துக்கு என்ன சொல்வது? விசாரணை முடியவில்லையா என்று தினமும் போன் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நானே அதைச் சொன்னேன்: "நெட்வொர்க்ல ஒரு பிரச்சினை, பாத்துட்டிருக்கோம்." யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அது எல்லாரும் நம்பத் தயாராக இருந்த பொய், அன்றைக்கு மட்டும் உண்மையாக இருந்தது.

மழைக்காலம் முழுக்க வாரத்துக்கு ஒருதடவை பொள்ளாச்சிக்குப் போய்ப் பெட்டியைக் கொஞ்சம் திருகிவிட்டு வந்தேன். திருகிய அன்றைக்கு ஐந்து பேரும் மண்ணில் முட்டுவார்கள், என்னைச் சபிப்பார்கள், இரண்டு நாளில் சரியாகும். பவுலின் ஒருநாள் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதாள். "எதுக்கு மேடம் இது? என் கைய நானே நம்ப முடியல" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த வாரம் மட்டும் திருகாமல் போனேன். கை முறிந்த அந்தப் பெண்ணிடம், ஆடு குறுக்கே வந்துவிட்டது என்று மட்டும் நிறுவனம் சொல்லியிருந்தது. பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் பெட்டி பூஜ்யத்துக்கு வந்தது. ஐந்து பேரும் கைச்சோதனையில் தேறினார்கள். அன்று மாலையே அறிக்கையை எழுதி அனுப்பினேன். டிவி, பிளக், சேட்டிலைட், சின்னராஜ், கை முறிந்த பெண், எதையும் விடவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ரங்கபாஷ்யம் என்ற தலைமைப் பொறியாளர் பதில் சொன்னார். ரவுட்டரை அவரே உள்ளே நுழைந்து சோதித்தாராம். எல்லாம் சுத்தமாம். பழைய முடிவுகளை மாற்ற முகாந்திரம் இல்லையாம்.

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பவுலினை வேறு நாற்காலிக்கு மாற்றி, அவளுடைய பழைய நாற்காலிக்கு மட்டும் அந்த டிவி பாலிசியைத் திரும்பப் போட்டு, பொம்மைப் பாதையோடு மட்டும் இணைத்து வைத்திருந்தேன்.

"சார், பெட்டிக்குள்ள இருந்து பாக்காதீங்க. ஒருதடவ நேர்ல வந்து நாற்காலில உக்காருங்க" என்றேன். அவர் வந்தார். என்னைப் போன்ற ஆட்களைப் பார்த்துச் சலித்துப்போன முகம், கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற அதே முகம். ஒத்திகை வேண்டாம், நிஜச் சோதனையே வையுங்கள் என்று பட்டையைக் கட்டிக்கொண்டு, முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தார். அடுத்ததிலும் விழுந்தார். திரையில் சிவப்பாக, ரங்கபாஷ்யம், மந்தக்கை என்று வந்தது. கைப்பதிவுக்குத் தானாகவே போய்விட்டது என்று கீழே ஒரு வரியும் வந்தது.

அவர் முகம் வெளிறிப்போனது. "இது எப்படி? நான் உடனே திருப்புனேனே."

"அப்படித்தான் சார் அவங்களும் சொன்னாங்க."

"இந்த நாற்காலில எடுத்த சோதனை செல்லாது. முதல்ல அத பதிவுலருந்து எடுக்கச் சொல்லுங்க."

தண்டபாணி இரண்டு கைகளையும் பவ்யமாகக் கட்டிக்கொண்டு கேட்டார். "இதுல எடுத்த எந்தச் சோதனையும் செல்லாதுங்களா சார்? மின்ன எடுத்ததுங்கூடவா?"

ரங்கபாஷ்யம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையில் தன் பெயரைப் பார்த்தார். "எதுவும் செல்லாது" என்றார்.

தண்டபாணி வெளியே போய் பேக்கரிக்குப் போன் செய்யும் சத்தம் கேட்டது. கை முறிந்த பெண்ணின் வீட்டுக்கு ரங்கபாஷ்யமே நேரில் போய் உள்ளதைச் சொல்வதாக அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு நானும் எழுந்தேன்.

பவுலின் அன்றுதான் மறுபடி ஆளேற்றிய பஸ்ஸுக்கு உட்கார இருந்தாள். கேன்டீனில் ஒரு டம்ளர் டீயை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் கை மடியிலேயே இருந்தது. டம்ளர் பக்கத்தில் போனதும் எழுந்து வந்து, சிந்தாமல் வாங்கிக்கொண்டது.

"அந்த ஒன்பதாம் வளைவு வரும்போது, மறுபடி ஆடு எதுவும் வந்துருமோன்னு பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

நான் கேட்டு முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகும் கொஞ்சம் யோசித்தாள்.

"இருக்கு மேடம்" என்றாள்.